பெட்ரோல் டியூபில் பூசிய வெள்ளைப் பசை

என் பெயர் சத்யபாமா. அப்பா பெயர் சுயம்பு. வயது முப்பத்தொன்பது. கேரளத்தில் செங்கல் பஞ்சாயத்து, வடக்கே புத்தன்வீட்டில் குடியிருக்கிறேன். பாறசாலை போகும் ரோட்டோரம் படகு எஞ்சினும் பம்ப்செட்டும் பழுது பார்க்கும் ஒர்க்ஷாப்பைப் பதினாலு வருஷமாக நடத்தி வருகிறேன். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடும் முன் நானே வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதச் சொன்னேன். சிவில் போலீஸ் ஆபீசர் தங்கையன் எழுதுகிறார். யாரும் கூப்பிட்டு நான் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை.

கடந்த வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நெய்யாற்றில் சுற்றுலாப் படகு விடும் விஜயதாஸ் அண்ணன் போன் செய்து, ஒரு படகில் பெட்ரோல் கசிகிறது, உடனே வர வேண்டும் என்றார். நான் ஸ்கூட்டரில் துறைக்குப் போய் எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் வரும் ரப்பர் டியூப் ஊதி, கையில் அமுக்கினால் பிசுபிசுத்தது. அது பெட்ரோலுக்கு உள்ளது அல்ல, தண்ணீர் பம்புக்குப் போடும் சாதா டியூப். யார் மாட்டியது என்று கேட்டேன், விஜயதாஸ் அண்ணன் வாட்சைப் பார்த்தார்.

அதன் பிறகு நான் அவரிடம், பெட்ரோல் டியூபுக்குப் பசையே ஆகாது, பெட்ரோல் தாங்கும் டியூபைக் குழாய் முனையில் இறுக்கி ஏற்றி இரண்டு கிளிப் போட்டால் அதுவே கசியாமல் பிடிக்கும் என்றும், அந்த அளவு டியூப் என்னிடம் இல்லை, நாகர்கோவிலிலிருந்து மறுநாள் காலை வந்துவிடும் என்றும் சொன்னேன். அவர், "பாமா, ஒரு மணிக்கு ஆளு வருது. ஏதாவது ஒரு பசையப் போட்டு இண்ணைக்கு மட்டும் ஓடுறது போல ஆக்கித் தா" என்றார். என் பெட்டியில் சைலன்சர் மூட்டுக்கு வைத்திருந்த வெள்ளை சிலிக்கான் பசை இருந்தது. அது சூடு தாங்கும், தண்ணீர் தாங்கும், பெட்ரோல் தாங்காது. காய ஒரு முழு நாள் வேண்டும். இரண்டும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தே, டியூப் எஞ்சினில் சேரும் மூட்டில் நான் பூசினேன். கிளிப்பை இறுக்கிவிட்டு, "இது படகைக் கரையில ஏத்துறதுக்கு மட்டும் ஆக்கும், ஆள் ஏத்தாண்டாம் அண்ணே" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் ஆள் ஏற்றுவார் என்பதும் எனக்குத் தெரியும், ஒரு மணிக்கு ஆள் வருகிறது என்று அவரே சொல்லியிருந்தாரே.

அந்தப் படகை ஓட்டும் அஜேஷ் அப்போது பத்தடி தள்ளி, லைப் ஜாக்கெட்டுகளைக் கழுவி வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "அக்கா சாயா குடிச்சீங்களா?" என்று கேட்டார். குடித்தேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவரிடம் டியூபைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் ஒன்றே முக்காலுக்குப் படகில் தீப்பிடித்ததைக் கேள்விப்பட்டு மறுபடி துறைக்குப் போனேன். படகில் சுற்றுலா வந்த ஆறு பேர் இருந்ததாகவும், நடு ஆற்றில் பெட்ரோல் வாடை அடித்ததும் அஜேஷ் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரையும் முன்பக்கம் போகச் சொன்னதாகவும், மூடியைத் தூக்கியபோது தீ எழும்பியதாகவும், அவர் எரியும் டியூபை வெறும் கையால் டாங்கிலிருந்து பிடுங்கித் தண்ணீரில் எறிந்ததாகவும் வேறு படகுக்காரர்கள் சொன்னார்கள். ஆறு பேருக்கும் ஒன்றும் இல்லை. அஜேஷின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது.

அதன் பிறகு சனிக்கிழமை காலை விஜயதாஸ் அண்ணன் என் ஒர்க்ஷாப்புக்கு வந்து, அஜேஷ் பீடி பற்ற வைத்ததால்தான் தீப்பிடித்தது என்று தான் போலீசில் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். "நீ டியூபைத் தொடவே இல்லண்ணு சொன்னா போரும். பாக்கி நான் பாத்துக்கொள்ளாம். உனக்கும் அதாக்கும் நல்லது" என்றார். நான், "தொட்டேனே அண்ணே" என்றேன். அவர் போய்விட்டார்.

அன்று மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் அஜேஷின் மனைவி ஷீனா இருந்தாள். "அவரு பீடி குடிக்க மாட்டாரு அக்கா, ஊருக்கே தெரியும். ஆனா எழுதினா எழுதினதுதானே?" என்றாள். உள்ளே போய் அஜேஷிடம் பசை பூசியதைச் சொன்னேன். அவர் கையிரண்டும் தலையணை மேல் கட்டோடு இருந்தது. கேட்டுவிட்டு, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் படக எடுத்திருக்க மாட்டேன் அக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஒர்க்ஷாப்பைத் திறந்து, மூன்று கண்ணாடிக் குப்பிகளில் பெட்ரோல் ஊற்றி, ஒன்றில் அதே வெள்ளை சிலிக்கான் பூசிய டியூப் துண்டும், இரண்டாவதில் பஞ்சர் ஒட்டும் பசை பூசிய துண்டும், மூன்றாவதில் பசை எதுவும் இல்லாத பெட்ரோல் டியூப் துண்டும் போட்டு வைத்தேன். இன்று காலை பார்த்தபோது சிலிக்கான் ஊதி, நகத்தால் தள்ளினாலே தோல் போல உரிந்து வந்தது. பஞ்சர் பசை கரைந்து பெட்ரோல் கலங்கியிருந்தது. மூன்றாவது துண்டு போட்டபடியே இருந்தது. மூன்று குப்பிகளையும் இங்கே ஒப்படைத்திருக்கிறேன். சிலிக்கான் எரிந்தால் வெள்ளைப் பொடியாகத் தங்கும். டியூப் ஆற்றில் போனாலும், எஞ்சின் பக்கத்துக் கிளிப்புக்கு அடியில் அது இருக்கும். யாரும் கழுவும் முன் போலீசார் எஞ்சினைக் கைவசப்படுத்தி, அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சொன்னால் என் மேலும் கேஸ் வரும் என்று தங்கையன் சார் இரண்டு முறை எடுத்துச் சொன்னார், வக்கீலைக் கேட்டுவிட்டு நாளைக்கு வரலாம் என்றும் சொன்னார். நாளைக்குள் எஞ்சினைக் கழுவிவிடுவார்கள், இன்றைக்கே எழுத வேண்டும் என்று சொன்னேன்.

எழுதியதை என்னிடம் கொடுத்தார்கள், முழுவதும் நானே வாசித்தேன். மூன்றாவது பாராவில் 'மூட்டில் பசை பூசப்பட்டது' என்று எழுதியிருந்ததை அடித்து, 'நான் பூசினேன்' என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார். அந்த இடத்தின் ஓரத்தில் சிறிய கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, நடந்தபடியே சொன்னேன்.

(ஒப்பம்)
சு. சத்யபாமா