அவங்களே நிக்கறாங்க

— அக்கா, ஆள் எடுக்கற தேர்வுக் குழுவுல நீ இருக்க. தம்பிக்காக ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ? ஊர்ல இருக்கிற பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கல்வி அதிகாரி ஆகணும்னு எத்தனை வருஷமா தவம் கிடக்கறேன்.

— உன் ஹெட்மாஸ்டர் ரூம்ல இவ்வளவு நேரமா உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பையனோட மார்க்கைப் பத்திக் கேக்க ஒரு டாக்டர் வந்தார், உக்காந்தார். அப்புறம் ஆஸ்பத்திரியில பெருக்கற ஒரு அம்மா, அவங்க பொண்ணைப் பத்திக் கேக்க வந்தாங்க. நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிட்டாங்க.

— நான் என்ன நிக்கவா சொன்னேன்? அவங்களே நிக்கறாங்க.

— உக்காரச் சொன்னியா?

— ஆரம்பிச்சிட்டாங்கய்யா பேராசிரியரம்மா. எந்த ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனாலும் உனக்கு நாற்காலிதான் கண்ல படும்.

— பின்ன? கல்வித் தலைமை, சமூக நீதின்னு காலம் பூரா உன்னை மாதிரி ஹெட்மாஸ்டருங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்ததே அதைத்தானே. யாரு உக்காரறாங்க, யாரு நிக்கறாங்க.

— நாற்காலிய விடு, ரிசல்ட்டப் பாரு. போன வருஷம் ஒருத்தர்கூட ஃபெயில் இல்ல.

— எப்படி இருப்பாங்க? தேற மாட்டாங்கன்னு உனக்குத் தோணின பிள்ளைங்களையெல்லாம் பரீட்சைக்கு முன்னாடியே வெளிய அனுப்பிட்டியே. அதுல ஒரு பொண்ணு எங்க யுனிவர்சிட்டி கேன்டீன்ல டேபிள் துடைக்குது, தம்பி. யாரு என்ன சாப்பிட்டாலும் மனக்கணக்குலயே பில் சொல்லுது.

— எல்லாரும் செய்யறதுதான்க்கா. கிளாஸ்ல மைக்கப் பிடிச்சுப் பேசறது சுலபம். இங்க கூரை ஒழுகும், டீச்சர் லீவு போடுவாங்க, மேலிடத்துலேர்ந்து போன் வரும். நீ ஒரே ஒரு ஸ்கூலையாவது நடத்திப் பாத்திருக்கியா?

— இல்ல. நீ கேக்கறது நியாயம்தான்.

— அப்படி வா வழிக்கு. அப்போ எனக்காகச் சொல்லுவ?

— எங்கேர்ந்து சொல்றது? குழுவுலேர்ந்து போன வாரமே விலகிட்டேனே.

— அடிப்பாவி. தம்பி அப்ளை பண்ணியிருக்கான், நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னுதானே? உன் நேர்மைக்கு நான்தான் கிடைச்சேனா?

— நீ அப்ளை பண்ணதுக்காக இல்லடா. நானும் பண்ணியிருக்கேன்.