என் பெயரில் வந்த வாஷிங் மெஷின்

மேலே பெயரும் விலாசமும் குறிக்கப்பட்ட நான், வயது நாற்பத்தொன்று, தெருமுனையில் சலவைக்கடை வைத்துத் தொழில் செய்து வருகிறேன். என் கணவர் பார்சல் வண்டி ஓட்டுகிறார். ஒரே வீட்டில் கீழ்த்தளத்தில் நாங்களும், மாடியில் என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும் குடியிருக்கிறோம். அண்ணன் ஓர் அலுவலகத்தில் கணக்கர். மாடியிலிருந்த வாஷிங் மெஷினை நான் திருடிவிட்டதாக அவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். மிரட்டியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் நான் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, கூரியர்காரர் ஓர் உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிச் சென்றார். பிரித்துப் பார்த்ததில் உள்ளே ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. நான் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலிருந்துதான் வந்திருந்தது, ஆனால் நான் கார்டு கேட்கவே இல்லை. என் பெயரை அதில் மேடாகப் பொறித்திருந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தேன். என் கடைப் பலகையில்கூட என் பெயர் கிடையாது, சலவைக்கடை என்று மட்டும்தான் இருக்கும். எனவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் உருகிவிடுமோ என்று கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அதன் பிறகு, வீட்டுக்குப் போனதும் அதைக் கணவரின் அண்ணனிடம் காட்டினேன். வங்கிக் காரியங்களை அவர்தான் பார்த்துவந்தார். நான் கணக்குத் தொடங்கியபோது கூட வந்தவர் அவர். "உனக்குக் கை எப்பவும் ஈரமா இருக்கும், போன் எடுக்க மாட்டே" என்று சொல்லி, விண்ணப்பத்தில் என் எண்ணுக்குப் பதிலாகத் தன் எண்ணை எழுதியவரும் அவர்தான். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது பெரிய வம்பும்மா, நானே திருப்பி அனுப்பிடறேன்" என்றார். வீட்டுக்கு மூத்தவர் என்று நம்பிக் கொடுத்தேன். வங்கி அனுப்பும் ரகசிய எண் எல்லாம் அவருடைய போனுக்குத்தான் போகும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு, மாடிக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. அலுவலகத்தில் போனஸ் என்றார்கள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது, துணி புரள்வது வெளியே தெரியும். என் ஓரகத்தி என்னை மேலே கூப்பிட்டு அது ஓடும் அழகைக் காட்டிவிட்டு, "ஊர்த்துணியெல்லாம் கல்லுல அடிச்சே உன் இடுப்பு போகுது, நீயும் ஒண்ணு வாங்கிக்கயேன்" என்றார். "கல்லு தேயட்டும்க்கா, பாக்கலாம்" என்று சொல்லி இறங்கி வந்தேன்.

அதன் பிறகு, பாக்கி வசூலிக்கும் ஆள் ஒருவர் நேராக என் கடைக்கு வந்தார். துணிக்காகக் காத்து நின்றவர்கள் முன்னால், "மெஷின் வாங்கத் தெரியுது, கட்டத் தெரியலையா?" என்று கேட்டார். எந்த மெஷின் என்று நான் கேட்க, அவர் விவரத்தை வாசித்தார்: முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த வாஷிங் மெஷின், என் பெயரில் வந்த கார்டில் வாங்கியது. அதைக் கேட்டு நின்றதில் கை அப்படியே நின்றுபோய், பெட்டிக்கு அடியிலிருந்த வெள்ளைச் சட்டை கருகிவிட்டது. இந்தத் தொழிலில் நான் கருக்கிய முதல் சட்டை அது. வசூல் ஆள் பேசியதைவிட அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

அதன் பிறகு, வீட்டில் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "புகார்னு போனா என் வேலை போயிடும். நீதான் வாங்கினேன்னு பேங்க்ல ஒரு வார்த்தை சொல்லிடும்மா. மாசாமாசம் நான் கட்டிடறேன்" என்றார். என் கணவர் சிறுவயதிலிருந்தே அண்ணன் முன்னால் வாய் திறந்தவர் அல்ல, அன்றும் திறக்கவில்லை. நான் மறுநாள் வங்கிக்குப் போய், மெஷினை வாங்கியது நான்தான் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தேன். பில்லின் நகலை அங்கேயே கொடுத்தார்கள், அதிலும் என் பெயர்தான் இருந்தது.

ஆனால் அவர் ஒரு தவணைகூடக் கட்டவில்லை. வங்கி என் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. அது கடைக்குப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடிக்க நான் சேர்த்த முன்பணம். குழாய் வசதியுள்ள அறை. தண்ணீரைக் குடத்தில் சுமக்க வேண்டியிருக்காது. அந்த அறை இப்போது வேறொருவருக்குப் போய்விட்டது. நான் கேட்டதற்கு அண்ணன், "குடும்பத்துக்குள்ள கணக்குப் பாக்காதே" என்றார். எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. நான்தான் வாங்கினேன் என்று இந்தக் குடும்பமே என்னைச் சொல்லவைத்திருக்கிறது, அப்படியென்றால் பொருள் யாருடையது என்று யோசித்தேன்.

அதன் பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், சுமை தூக்கும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது, நான் எதையும் உடைக்கவில்லை. ஓரகத்தி, "என்னடி பண்றே? இது எங்க மெஷின்" என்றார். "பேங்க்ல அப்படிச் சொல்லலையேக்கா" என்றேன். குழாயைக் கழற்றி, உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, தரையையும் துடைத்துக் கொடுத்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் மெஷின் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் என் கணவர் உள்ளே வந்தார். மேலே நின்ற அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வந்து கீழ்ப்பக்கத்தைப் பிடித்தார். கனமெல்லாம் கீழ்ப்பக்கத்தில்தான். இதில் தன்னையும் சேர்த்து எழுதச் சொல்லி அவர் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

மெஷினுக்குள் அண்ணனின் சட்டைகள் நனைந்த நிலையில் இருந்தன. அவற்றை அலசி, இஸ்திரி போட்டு, மடித்து மாடிக்கு அனுப்பிவிட்டேன். கூலி வாங்கவில்லை. புகார் கொடுக்க வந்தபோது அவர் போட்டிருந்த நீலச்சட்டை அதில் ஒன்று.

மெஷின் இப்போது என் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அவருடையது என்றால், என் கார்டில் எப்படி வாங்கினார் என்று அவர் இங்கே சொல்லட்டும். சொன்ன அன்றைக்கே மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வங்கியில் நான் சொன்னது பொய் என்று அங்கும் போய்ச் சொல்லி, அதற்கு வருவதை ஏற்றுக்கொள்வேன். சொல்ல முடியாது என்றால் மெஷின் என்னுடையது. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

அதிகாரி, "தெரியாம எடுத்துட்டேன்னு ஒரு வரி சேத்துக்கலாம்மா, ராசியாப் போயிடலாம்" என்றார். தெரிந்துதான் எடுத்தேன் என்றேன். அந்த வரியைச் சேர்க்கவில்லை.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. என் பெயருக்குக் கீழே வேறு யாரையும் கைவைக்க விடாமல் நானே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)