நம்பர் போட்ட மரங்கள்

— எனக்குச் செரியா ஓர்மை இல்ல, செல்வியக்கா. செவ்வாயா புதனா, அதுகூட நிச்சயமில்ல. தப்பாச் சொல்லிட்டு கோர்ட்டுல போய் நிக்க எனக்கு ஏலாது.

— நாள விடு, இஸ்ரவேலு. குளத்தங்கரையில அம்பத்திரண்டு மருது நிண்ணுது. நீ முறிச்சது பதினொண்ணு. அந்தப் பதினொண்ணுலதான் பாம்புத்தாராப் பறவ கூடு. மத்ததுல ஒண்ணுலயும் கிடையாது. அது எப்பிடிலே அவ்வளவு கணக்கா வந்து?

— முதல்ல அந்த போன எடுத்து மேசையில வைங்க.

— எதுக்கு?

— பேச்சப் பிடிச்சு வாட்ஸ்அப்புல விடுவிய. ஜேசிபிக்காரனுக்கு அப்பிடித்தானே செய்திய.

— இந்தா, அணைச்சாச்சு. தையல் மிசினுக்கு அடியில வேற போன் இருக்கான்னும் குனிஞ்சு பாத்துக்க.

— வரும்போதே பாத்தாச்சு.

— கள்ள மனசுக்குத்தான் அப்பிடிப் பாக்கத் தோணும்.

— அப்பிடிச் சொல்லாதிய அக்கா. ஒரே சபையில இருந்து ஜெபிக்குதவங்க நாம.

— அதனாலதான் இந்த மனுவத் தூக்கிட்டுப் போலீசுக்குப் போவாம உன்ன வீட்டுக்குக் கூப்பிட்டேன். நேரே சொல்லு. ஊரு நகராட்சி ஆன பொறவு, பஸ் ஸ்டாண்டுக்கு அந்தக் கரைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கானுவ. கூடு இருந்தா தொடப்பிடாது, வெள்ளிக்கிழமை வந்து எண்ணுதேன்னு ஃபாரஸ்ட் ஆபீசரு சொன்னாரு. அவரு வாறதுக்குள்ள கூடு இருந்த மரம் மட்டும் கீழ கிடக்கு. எந்தெந்த மரம்னு உனக்குக் காட்டிக் குடுத்தது யாரு? கவுன்சிலர் மகேஷ்குமாரா?

— அவரு ரெண்டு மட்டம் ஆள் விட்டாரு. அருமனையில ரப்பர் மர முறிப்பு இருக்குன்னு சொல்லி ஒழிஞ்சு மாறினேன். நானும் அந்தக் குளத்துலதான் நீச்சல் படிச்சேன், கேட்டியளா.

— பொறவு எதுக்கு முறிச்சே?

— மரத்துல நம்பர் போட்டிருந்து.

— என்ன நம்பர்?

— ஒண்ணுலேருந்து பதினொண்ணு வரைக்கும். செவப்புப் பெயின்ட். எங்க தொழில்ல அப்பிடித்தான், உடமக்காரன் சம்மதிச்சாத்தான் மரத்துல நம்பர் ஏறும். நம்பர் இல்லாத மரத்துல நான் அறுப்புவாள் வைக்கமாட்டேன். நம்பர் இருந்தா கேள்வி கேக்கமாட்டேன். மூணாமத்து மட்டம் ஆள் வந்தப்போ, நம்பர் போட்டத மட்டும் முறிக்கேன்னு சொன்னேன். எந்த நம்பருன்னு அவன் முழிச்சான். கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அவனுக்கு வாயெல்லாம் பல்லு.

— குஞ்சு இருந்தா?

— இருந்து. வெள்ளப் பஞ்சு மாதிரி. குளத்து வெள்ளத்துல விழுந்ததுல ரெண்ட மீன்கூடையில எடுத்து வச்சேன். அந்தியோட அதும் போச்சு.

— உனக்கு ஒண்ணும் தோணல்லியாலே?

— தோணாமலா? பத்து நாளா உங்க முகத்துல முழிக்கவே பிடிக்கல்ல. அதான் கோயில்ல பின்வாசல் வழியா எறங்கிப் போறேன்.

— என் முகத்துலயா? எதுக்கு?

— முட்டளவு வெள்ளத்துல நிண்ணு, பெயின்ட் டப்பாவ இடுப்புல கெட்டிக்கிட்டு, ஒவ்வொரு மரமா நீங்க நம்பர் போட்டத நான் கண்ணால கண்டேன் அக்கா. வேற யாரு போட்டிருந்தாலும் முறிச்சிருக்கமாட்டேன். குளத்துக்காவ மல்லுக்கு நிண்ண செல்வியக்காவே சம்மதிச்சாச்சு, அவங்களுக்கும் அங்க கடையோ கிடையோ சொல்லியிருப்பானுவன்னு நினைச்சேன்.

— ஆபீசரு வந்தா கூடு எண்ண லேசா இருக்கட்டும்னு போட்டேன்லே.

— முறிக்கதுக்கு இல்லியா அக்கா?

— மேசையில கிடக்க பேனாவ எடுத்துத் தா. குஞ்சு ஒண்ணும் தேறல்ல. தாரா எல்லாம் பறந்துபோச்சு. ஆபீசரு வந்து பாத்து, கூடு இல்லன்னு எழுதிட்டுப் போயாச்சு. மகேஷ்குமாரு அடுத்த மாசம் பஸ் ஸ்டாண்டுக்கு அடிக்கல்லு போடுதான். நீ அருமனைக்கு உன் வேலையப் பாக்கப் போ. மனுவுல, மரத்தக் காட்டிக் குடுத்த ஆளு பேருக்குன்னு ஒரு எடம் விட்டு வச்சிருந்தேன். அதுல என் பேர எழுதிக்கிடுதேன்.