ஏழாம் லயத்துக்கு வந்த பதிவுத் தபால்

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 9ஆம் திகதி, மு.ப. 10.20 மணி. முறைப்பாட்டாளர்: அருளப்பன் கேஷானி. வாக்குமூலத்தைத் தமிழில் பதிவு செய்தவர்: பொலிஸ் கான்ஸ்டபிள் ஷுக்ரி.

எனது பெயர் சூசை மரியநாயகம். வயது 57. முகவரி, பூனாகலைக்கு மேலே ஹெதர்டன் தோட்டம், கீழ்ப்பிரிவு, 7ஆம் இலக்க லயம், 4ஆம் அறை. கத்தோலிக்கன். மனைவி செசிலி கொழுந்து பறிக்கிறார். நான் தோட்டக் கந்தோரில் தபால் ஆளாக இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். இதற்கு முன் என் மீது எந்த முறைப்பாடும் இருந்ததில்லை. இந்த வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுத் தமிழில் சொல்லிக் காட்டுவதாக முதலில் கூறினார்கள். எனக்கு வாசிக்க முடியாத எழுத்துக்குக் கீழே ஒப்பமிட மாட்டேன் என்று கூறிப் பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் நாற்பது நிமிடங்கள் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் ஷுக்ரி ஐயா வந்தார்.

நாங்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் இந்த லயங்களுக்குத் தபால்காரர் வருவதில்லை. தோட்டத்து ஆட்கள் எல்லோருடைய கடிதமும் தோட்டக் கந்தோரின் பெயருக்கே கட்டாக வரும். நான் தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போய், வாங்கி வந்து, லயம் லயமாகப் பிரித்துக் கொடுப்பேன். பதிவுத் தபால் யார் பெயருக்கு வந்தாலும் அதைப் பெற்றுக்கொண்டதாக ஒப்பமிடுவது நான்தான். அதற்காக, முன்பு தோட்ட மேலாளராக இருந்த துரை கொடுத்த அதிகாரக் கடிதம் தபால் கந்தோரில் இருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்கு ஒரே ஒப்பம். இந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை. லயத்து வாசலுக்கு ஒரு தபால்காரரை அனுப்பவேண்டும் என்று இத்தனை வருடங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

முறைப்பாடு செய்த கேஷானிக்கு வயது 32. அவளுடைய தகப்பன் அருளப்பனும் நானும் ஒரே நாளில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். 2021இல் அவள் பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் காசாளராக இருந்தாள். அப்போது கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பையன் கடைக்கு வந்து, அங்கிருந்த எல்லோரிடமும் படிவம் நிரப்பி வாங்கி, கடனட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த அட்டையில் அவள் நகையோ சேலையோ வாங்கியதை நான் காணவில்லை. 2022இல் அருளப்பனுக்கு நெஞ்சு வருத்தம் வந்து பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, உள்ளே இல்லாத மருந்தையெல்லாம் வெளியே வாங்கிவரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். எல்லாத் துண்டுக்கும் அந்த அட்டையைத்தான் நீட்டினாள். அந்த வருடக் கடைசியில் துணிக்கடையை மூடிவிட்டார்கள். அதன்பின் அவளால் கட்ட முடியவில்லை.

கடை மூடியபோது கிடைத்த பணத்தையும், அடகு வைத்த தாலிக்கொடிக்குக் கிடைத்ததையும் சேர்த்து, கேஷானி ஒரு பழைய ஓட்டோ வாங்கித் தன் பெயரில் பதிந்தாள். அதை அவள் புருஷன் ஜெசிந்தன் ஓட்டினான். காலையும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடையில் கிளினிக் போகிறவர்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஓட்டோவால்தான்.

அட்டைக் கம்பனியிலிருந்து மாதம் இரண்டு கடிதம் வந்துகொண்டிருந்தது. போனிலும் பேசினார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெண் நல்ல தமிழில் பேசி, கேஷானியுடைய பிள்ளையின் பாலர் பாடசாலை ரீச்சருக்கும் கோல் எடுத்து, இவர்கள் கடன்காரர்கள் என்று சொல்லியிருக்கிறாள். சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது கேஷானி என்னிடம், "மாமா, கார்ட் கம்பனிக்காரங்க கோட்டுக்குப் போவாங்களா?" என்று கேட்டாள். நான், "போகமாட்டாங்க புள்ள. கத்துவாங்க, கடதாசி அனுப்புவாங்க, அம்புட்டுதான். எத்தன வீட்டுக்கு நான் தூக்கியாந்து குடுத்திருக்கேன், ஒருத்தனுக்காவது கேஸ் வந்துச்சா?" என்றேன்.

அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை. எங்கள் பிரிவில் பதினாலு பதினைந்து வீடுகளுக்கு அப்படிப்பட்ட கடிதங்கள் வருடக்கணக்கில் வந்தன. ஒருவருக்கும் வழக்கு வரவில்லை. கடிதம் வந்தால் என்ன செய்வது என்று கேட்க ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். நானும் பெரிய சட்டத்தரணி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் தலையாட்டிக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வருடம் பெப்ரவரி 11ஆம் திகதி அருளப்பன் இறந்தார். எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்கு முப்பதாம் நாள் பூசை முடியும்வரை கடன் கடிதம் கொடுப்பதில்லை. சங்கக் கடிதம், வெளிநாட்டிலிருந்து வரும் அனுதாபக் கடிதம் கொடுக்கலாம். அடகுக்கடை, லீசிங், அட்டை, இவை எல்லாம் தபால் ஆளிடமே நிற்கும். எனக்கு முன் இந்த வேலை பார்த்தவரும் அப்படித்தான் செய்தார். துரைமாருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை.

மார்ச் மாதம் 3ஆம் திகதி கேஷானியின் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. வழக்கம்போல நான் ஒப்பமிட்டு வாங்கினேன். அதன்பின் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்னுடைய தகரப் பெட்டியில், ஞானஸ்நானப் பத்திரங்களுக்குக் கீழே வைத்தேன். மார்ச் 12ஆம் திகதி முப்பதாம் நாள் பூசை நடந்தது. நானும் என் மனைவியும் போய்ச் சாப்பிட்டு வந்தோம். அன்றும் கடிதத்தைக் கொடுக்கவில்லை, அதற்குப் பின்னும் கொடுக்கவில்லை.

இம்மாதம் 2ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியளவில் நான் பையோடு கோவிலடிக்கு வந்தபோது, ஜெசிந்தன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்திருந்தான். நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கல் உத்தியோகத்தரும் இன்னும் இருவரும் ஒரு வேனில் வந்து ஓட்டோவின் இலக்கத்தைப் பார்த்தார்கள். அதன்பின் கேஷானியைக் கூப்பிட்டு, அட்டைக் கம்பனி போட்ட வழக்கில் அவள் ஆஜராகாதபடியால் நான்கு இலட்சத்துச் சொச்சத்துக்குத் தீர்ப்பாகிவிட்டது, ஓட்டோவை எடுக்கக் கட்டளை இருக்கிறது என்று கூறினார்கள். தனக்கு ஒரு கடிதமும் வரவில்லை என்று கேஷானி கூறினாள். அந்த உத்தியோகத்தர் மரியாதையான மனிதர். பதிவுத் தபாலைப் பெற்றுக்கொண்டதற்கான தபால் அட்டையின் பிரதியை எடுத்துக் காட்டினார். அதில் இருந்தது என் ஒப்பம்.

ஜெசிந்தன் அந்தப் பிரதியைப் பார்த்தான், அதன்பின் என்னைப் பார்த்தான். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவன் ஓட்டோவுக்குள் குனிந்து மாதா சுரூபத்தைக் கழற்றினான். பின்சீற்றில் யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டான். கேஷானி, "மாமா, இத ஏன் எனக்குத் தரல்ல?" என்று கேட்டாள். எனக்கு ஞாபகமில்லை என்று சொன்னேன். அது பொய். ஓட்டோவை வேனில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானம் பிள்ளைகள் நடந்து வந்தார்கள்.

அதன்பின் கேஷானி பதுளைக்குப் போய் ரிஸ்கா என்ற சட்டத்தரணி அம்மாவைக் கண்டாள். வேறு யாரும் துணைக்குப் போகாதபடியால் நானும் போனேன். பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. கடிதம் அவள் கைக்குக் கிடைக்கவில்லை என்று காட்டினால், தீர்ப்பை நீக்கும்படி பதினான்கு நாட்களுக்குள் மனுப் போடலாம் என்றும், இல்லாவிட்டால் ஓட்டோ ஏலத்துக்குப் போகும் என்றும் அந்த அம்மா கூறினார். அதற்காகத்தான் கேஷானி இந்த முறைப்பாட்டைச் செய்தாள். வழக்கின் முதல் விசாரணைத் தவணை மார்ச் 27ஆம் திகதி என்பதும் அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. அட்டைக் கம்பனிக்காரர் வழக்குப் போடமாட்டார்கள் என்றுதானே இருந்தோம் என்று நான் கேட்டேன். அதற்கு அவர், "போடுவாங்க. எல்லாருக்கும் போடமாட்டாங்க. எடுக்கிறதுக்கு என்ன இருக்குன்னு பார்த்துத்தான் போடுவாங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்ற வீடுகளுக்கு வழக்கு வராததற்குக் காரணம் கம்பனியின் பயமோ இரக்கமோ அல்ல. லயமும் தோட்டத்துடையது, காணியும் தோட்டத்துடையது, எங்களிடம் எடுத்துக்கொண்டுபோக ஒரு மண்ணும் இல்லை. அந்த இல்லாமையைத்தான் நான் சட்டம் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். எங்களில் தலை நிமிர்ந்து தன் பெயரில் ஒரு ஓட்டோ பதிந்தவள் கேஷானி. அவளைத் தேடித்தான் வழக்கு வந்தது.

நேற்றுக் காலை பெரிய கிளாக்கர் சிவசுப்பிரமணியம் ஐயா என்னைக் கந்தோருக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தோட்டத்தின் மேல் பழி வரக்கூடாதென்று துரை பேசச் சொன்னதாகக் கூறினார். "கடிதத்தைக் குடுத்தனான் எண்டு மட்டும் சொல்லும். அவள் துலைச்சுப்போட்டாள் எண்டு முடிஞ்சுபோகும். உமக்கு இன்னும் ரெண்டரை வருசம்தான் கிடக்கு, சேவைக்காலப் பணத்தை யோசியும்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. என் மகளின் பரீட்சைக்குப் பணம் கட்டியவர் அவர். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கூறினேன். அவர் தகரப் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அக்கடிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். உறை கிழிக்கப்படவில்லை என்பதை ஷுக்ரி ஐயா பார்த்துக் குறித்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் முடிந்த பின்னும் ஏன் கொடுக்கவில்லை என்று என்னிடம் கேட்கப்பட்டது. மறந்துவிட்டேன் என்று முதலில் கூறினேன். இப்போது கூறுவதாவது: நான் மறக்கவில்லை. வாங்கிய அன்றே உறையின் மேல் நீதிமன்ற முத்திரையைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடங்களாகக் கடிதம் சுமப்பவனுக்கு அது தெரியாமல் போகாது. வழக்குப் போடமாட்டார்கள் என்று கோவில் வாசலில் வைத்து நான் சொல்லிவிட்டேன். கடிதத்தைக் கொடுத்தால், மரியநாயகத்துக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று ஏழாம் லயம் முழுக்கச் சிரிக்கும் என்று இருந்தது. அது எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பதாம் நாளுக்காக வைத்திருந்தேன் என்பது முதல் ஒன்பது நாட்களுக்கு மட்டும் உண்மை. மிச்ச நாட்களுக்கு என் வெட்கம்தான் காரணம். இம்மாதம் 2ஆம் திகதிவரை கேஷானிக்கு இப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாது.

இதை இன்று இங்கே சொல்லப்போகிறேன் என்று நேற்று மாலை குழாயடியில் கேஷானியிடம் கூறினேன். அவள் குடம் நிறைந்ததும் குழாயை மூடினாள். அதன்பின், "நீங்க அன்னைக்கே குடுத்திருந்தா நான் அழுதிருப்பேன் மாமா. அழுதுட்டு கோட்டுக்குப் போயிருப்பேன்" என்று கூறிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.  

நான் கூறியவை இவ்வளவே. இவை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. கந்தோரில் சொல்லித் தந்த ஒரு சொல்லும் இதில் இல்லை. எல்லாம் உண்மை என்று அறிந்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சூ. மரியநாயகம்