அரைச் சுற்று

இந்த அறை மின்விசிறிக்கு பேரிங் போய்விட்டது, ஐயா. கொஞ்சம் கிரீஸ் வைத்தால் சத்தம் நிற்கும். உட்காரச் சொல்கிறீர்கள். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது, நின்றுகொண்டே சொல்கிறேன்.

தம்பியின் பந்தயக் காரில் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, ஓட்டத்தின் அதிர்வில் தானாகக் கழன்றுவிட்டது என்று விபத்து அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நான் இறுக்கிய திருகு தானாகக் கழலாது.

அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது நான்தான். என் பட்டறையில் பழைய டயருக்குள் உட்கார்ந்து பாடம் படித்தவன் அவன். பந்தயம் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து அவன் இன்ஜினை வேறு யாரையும் நான் தொட விட்டதில்லை. ஜெயித்துவிட்டு வந்தால் கோப்பையை என் மடியில் போட்டுவிட்டு, பசிக்குது என்பான்.

பெரிய அணி ஒன்றின் மேலாளர் வந்தார். கடைசிப் பந்தயத்தை நன்றாக ஓட்டினால் வெளிநாட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அங்க இன்ஜினுக்குன்னே தனியா ஆளுங்க இருக்காங்களாம்க்கா. இனிமே நீ நிம்மதியா ரெஸ்ட் எடு."

எனக்குக் கோபமில்லை. முகம் தெரியாதவர்கள் அவன் வண்டியில் கை வைப்பார்களே என்ற கவலைதான். பட்டறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தேன். துடைத்த ஸ்பானரையே திரும்பத் துடைத்தேன்.

பந்தயத்தன்று காலை அந்தத் திருகை அரைச் சுற்று தளர்த்தினேன். அவ்வளவுதான். நின்ற இடத்தில் உறுமும்போது வித்தியாசம் தெரியாது. முழுசாக மிதித்தால் பெட்ரோல் போதாது, காற்று மிஞ்சும், சூடு ஏறும். வண்டி திணறிப் பின்தங்கும், மேலாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன்.

ஒத்திகை ஓட்டம் முடிந்து வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அக்கா, வேகம் ஏற ஏற இழுக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாரேன்."

ஸ்பானர் என் கையில்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன்.

"வண்டி நல்லாத்தான்டா இருக்கு. உன் கால்தான் தயங்குது. பயப்படாம அழுத்து."

என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

பந்தயத்தில், நேர்ப்பாதை முடிகிற இடத்தில் பிஸ்டன் உருகி இன்ஜின் இறுகியது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. பக்கவாட்டில் சறுக்கிப்போய்ச் சுவரில் மோதினான். அந்தச் சூட்டில் பிஸ்டன் உருகும் என்று தெரியாதா என்கிறீர்கள். இந்தத் தொழிலில் அது தெரியாதவர் உண்டா, ஐயா? தெரியும்.

மருத்துவமனையில் கண் விழித்ததும், "நான்தான் தப்பா ஓட்டிட்டேனாக்கா?" என்று கேட்டான்.

"விடுடா. எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று நெற்றியைத் தடவினேன்.

இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நடக்கப் பழக்கும் சிகிச்சை நிலையத்தில் தங்கினால் மெல்ல நடக்க வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டர். தம்பி போகிறேன் என்றான். இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். யாரோ அவன் காலைப் பிடித்து மடக்குவதை எப்படிப் பார்ப்பது? தூக்க, குளிப்பாட்ட, ஊட்ட நான் இருக்கிறேனே.

போன வாரம் உங்கள் ஆள் வீட்டுக்கு வந்து, அந்தத் திருகைப் பற்றி அவனிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் சாப்பாட்டோடு போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், ஐயா? நான் சீக்கிரம் போக வேண்டும். அவனுக்குக் கழுத்து பிடித்திருக்கிறது, எண்ணெய் தேய்த்துவிட வேண்டும்.