கட்டுக்குள்ள நெல்லு

— ஆட்டாத கால, ஆட்டாதன்றேன்! யோவ், இன்னாயா இது? கட்டுக்குள்ள நெல்லு கீது!

— ஒண்ணு ரெண்டு பூந்திருக்கும் செவ்வந்தி. தட்டி வுடு.

— ஒண்ணு ரெண்டா? நாத்து வுடலாம் போல கீது! பஞ்செல்லாம் தூசி. பாரு, புண்ணுலயே ஒண்ணு குத்திக்கினு நிக்கிது. வலிக்கல உனுக்கு?

— வலிச்சா சொல்லமாட்டனா? இந்த சுகரு வந்ததுலேர்ந்து அந்தப் பாதத்துல எதுவும் தெரியிறதில்ல புள்ள.

— தாமோதரன் களத்துக்குத்தான போன? மூஞ்சப் பாத்து சொல்லு.

— நேத்து மய பேஞ்சுதில்ல. அவன் நெல்லு ஈரமா கீதுன்னு கொள்மொதல் நெலையத்துல திருப்பி வுட்டுட்டாங்களாம். கொஞ்சம் காலால கிளறி வுட்டுட்டு வந்தேன். அதுக்கு இன்னா இப்போ?

— அதுக்கு இன்னாவா! சிமிட்டி களத்துல, கொதிக்கிற வெயில்ல, புண்ணு கால இழுத்து இழுத்து நெல்லு கிளறிட்டு வந்து, அதுக்கு இன்னான்றான் பாரு மனுசன்! ஆசுபத்திரில குடுத்த மெத்து செருப்பு எங்க?

— களத்தோரமா கயட்டி வச்சிருந்தேன். வாசல்ல கீது பாரு.

— அது காலுக்குக் குடுத்தாங்களா, களத்தோரத்துக்குக் குடுத்தாங்களாயா?

— நெல்லு மேல செருப்போட எவனாவது ஏறுவானா? திங்கற சோறு அது. நீ மொறத்த மிதிச்சிக்கினு நடப்பியா?

— வாயில நல்லா வந்துடும், ஆமா! இந்த ஒரு புண்ணுக்கு இன்னான்னா போச்சி தெரியுமா? கறவ மாடு போச்சி. என் தோடு அடகு கடையில குந்திக்கினு கீது. உன்ன இட்டுக்கினு பஸ் ஏறி ஏறி, நடவுக்கு என்ன ஒருத்தியும் கூப்புடறதில்ல. பெத்த பொண்ணு பிரியங்கா காலேஜ உட்டுட்டு கம்பெனி வேன்ல தூங்கி வியுந்துக்கினு வேலைக்குப் போவுது. ஒரு புண்ணுயா! ரூவா காசு அளவு இருந்த புண்ணு!

— நானா கூப்ட்டேன் அந்தப் புண்ண?

— கூப்புடல. வந்தத ஆற வுடாம சோறு போட்டு வளக்கற!

— இன்னா பண்ண சொல்ற? நாளெல்லாம் செவுத்தப் பாத்துக்கினு குந்தறது பேஜாரா கீது புள்ள. பொம்பளைங்க வேலைக்குப் போவசொல்ல, இவன் வூட்ல கீறான்னு பாத்துட்டுப் போறாங்க.

— பாக்கட்டும்! கண்ணு கீது, பாக்கறாங்க! கால தரையில ஊணாதன்னு அந்த டாக்டரம்மா கத்திச்சா இல்லியா? நீ ஒயுங்கா குந்துனா எப்பவோ ஆறியிருக்கும். ஐயோ, உன்னோட மாரடிச்சி என் தொண்ட தண்ணி வத்திப்போச்சி!

— சரி, கத்தாத. தண்ணி குடி.

— எனுக்கு ஒண்ணும் வாணாம். கால நீட்டு, இத எடுக்கறேன். திங்கக்கியமை நானே உங்கூட வரேன், டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் போட்டுக் குடுக்கறேன். வெள்ளிக்கியமை ஒரே ஒரு நாளு நான் களை எடுக்கப் போனேன், உன்ன தனியா அனுப்புனேன். வந்து வாயத் தொறந்தியா நீ?

— நீ வந்தா நல்லதுதான். அவங்களே உன்ன இட்டுக்கினு வரச் சொன்னாங்க.

— என்னையா? எதுக்கு? கட்டு ஒயுங்கா கட்டலன்னு திட்டவா?

— நீ நல்லாதான் கட்டறன்னாங்க.

— பின்ன இன்னாதான் சொன்னாங்க? ஆறுதாமா? யோவ், உன்னதான் கேக்கறேன். ஏன் அந்தப் பக்கம் பாக்கற?

— முட்டிக்குக் கீய எடுத்துடணுமாம் செவ்வந்தி. நீ வந்து கையெய்த்து போடணுமாம். அதான், கால் இருக்கசொல்லவே ஒருவாட்டி நெல்லுல நடந்துட்டு வந்தேன்.