கேக்கல, சொல்றேன்

மொதல்ல தோட்டத்து மொதலாளிங்க வரப்புல இருந்த நெழல்பந்தலப் புடுங்குனாங்க சார். அடுத்து தண்ணி டிரம்மத் தூக்குனாங்க. மூணாவதா, கக்கூஸ ரோட்டோரம் கொண்டுபோய் வெச்சு, மேஸ்திரிகிட்ட கேட்டுட்டுத்தான் போகணும்னாங்க. இதே வரிசையில எழுதிக்குங்க. இருங்க, அந்தக் கடைசி ஓட்டுச் சீட்ட இன்னும் பிரிக்காதீங்க.

தெரியும் சார். அபுந்தியோவுக்கும் யரேலிக்கும் ஓட்டு சமமா நிக்குது. இழுபறின்னா பழைய ஆளே இருப்பான்னு உங்க சட்டம். பழைய ஆளு அபுந்தியோதான், மேஸ்திரியோட மச்சான்; அவனே மறுபடி பறிக்கிற எங்களுக்காக மொதலாளிகிட்ட பேச வருவான். வெளங்கும்!

யரேலியா? அந்தா, கூடை அடுக்குக்குப் பின்னால ஒளியுதே, அதுதான். பதினாறு வயசு. கடையில உப்பு கேக்கவே தம்பிய அனுப்பும். மேஸ்திரிகிட்ட போய் எப்படிக் கேக்கும்? தண்ணியே குடிக்காது. வாஷிங்டன் மாநிலத்துல ஜூலை வெயில், ஸ்ட்ராபெரி பறிக்கிறது குனிஞ்ச வேல. ஒருநாள் நின்ன எடத்துலயே பாவாடை நனைஞ்சுபோச்சு. அபுந்தியோ சிரிச்சான் சார். அடியே, செடிக்குத் தண்ணி பாய்ச்சுறியான்னான். சாயங்காலம் அவங்கம்மா, இனி அது வராதுன்னா. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

மறுநாள் வந்துச்சு. நேரா மேஸ்திரி முன்னால போய் நின்னுச்சு. காதுவரைக்கும் செவந்துபோச்சு. நான் ஒன்னுக்குப் போறேன், கேக்கல, சொல்றேன்னுச்சு. அம்புட்டுதான். நடந்துருச்சு. பொம்பளைங்க ஒவ்வொருத்தியா கூடைய வெச்சுட்டுப் பின்னாலயே போயிட்டாளுக. நான் ஒலிபெருக்கி புடிச்சு எத்தன வருசமாக் கத்துறேன்? ஒருத்தி கூடைய எறக்கி வெச்சிருப்பாளா?

ஆமா சார், நானும் நின்னேன். எம்பேரு எவுஃப்ரோசினா, தேர்தலுக்குத் தேர்தல் நிப்பேன். இன்னிக்குப் பிரிச்ச சீட்டுல எம்பேரு வரவே இல்லைல? அதான் அபுந்தியோ மீசையத் தடவுறான். அந்தத் திமிர் புடிச்சவ ஓட்டு இன்னும் பாக்கி, அவ தன் பேரத் தவிர வேற எழுதமாட்டான்னு கணக்கு போடுறான். தப்பில்ல, இதுவரைக்கும் எழுதுனதில்ல.

எட்டா மடிச்சிருக்குல்ல? அது என்னோடதுதான். ரகசியமா? என் ரகசியம் சார், நானே சொல்லிக்கிறேன்.

பிரிங்க. சாட்சிங்க எல்லாம் கிட்ட வாங்க. அபுந்தியோ, நீயும்தான். என்ன சார், கோணல் எழுத்து, புரியலயா? குடுங்க, நானே வாசிக்கிறேன்.

யரேலி மொந்தேஸ்.